தனியாக வந்தார் என்று சொல்லப்பட்டவர்

என் கணவரின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டனார் ஒருவர், 1871-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நெப்ராஸ்கா மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள கேஜ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 160 ஏக்கர் புல்வெளி நிலத்தில் குடியேறினார். அவரைப் பற்றி அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை மிகவும் சுருக்கமானது. இல்லினாயிலிருந்து ஒரு மாட்டு வண்டியில் தன்னந்தனியாக வந்தார். சுற்றிலும் பல மைல்களுக்கு ஆள் நடமாட்டமே கிடையாது. யாருடைய துணையும் இல்லாமல் மண்ணை உழுது, வீடு கட்டி, பிறகு மணமுடித்து ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அமெரிக்காவில் இத்தகைய கதை இல்லாத பழைய குடும்பத்தைக் காண்பது அரிது. ஆனால் அவரை ஆவணங்களில் தேடத் தொடங்கிய பிறகு, ஒரு தாளில்கூட அவர் தனியாக இருப்பதை நான் பார்க்கவில்லை. அவரைக் கண்டுபிடிக்க முடிந்ததே அவரைச் சுற்றி நின்ற மனிதர்களால்தான் என்பதையும், அந்த மனிதர்களுள் ஒரு பெண் குடும்பத்தின் நினைவிலிருந்தே நழுவிப் போயிருந்தாள் என்பதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். என் பிள்ளைகளின் வேர்களில் பாதி அங்கே இருக்கிறது என்ற எண்ணமே இந்தத் தேடலுக்குப் போதுமான காரணமாக இருந்தது. மாமியாரிடம் மூன்று பொருள்கள் இருந்தன: பிள்ளைகளின் பிறந்த நாள்கள் எழுதப்பட்ட குடும்ப விவிலியம், சட்டமிடப்பட்ட நிலப் பட்டா, பாட்டனார் முதுமையில் மனைவியுடன் எடுத்துக்கொண்ட ஒரு நிழற்படம். அவற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் போய் நிற்கும் இடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1790 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அது நடந்து வருகிறது. தனிமனித விவரங்கள் 72 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டுப் பிறகு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. அதனால் இப்போது 1950 வரையிலான பதிவேடுகளைப் பார்க்க முடிகிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயதுப் பிரிவுகளில் வெறும் எண்ணிக்கையாகவே இருந்தார்கள். 1850-இல்தான் அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. அதே ஆண்டிலும் 1860-இலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தனிப் பட்டியலில், பெரும்பாலும் பெயரே இல்லாமல், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமுமாக மட்டும் பதிவானார்கள். எங்கள் பாட்டனாரை எட்டு வயதுச் சிறுவனாக 1850-இன் பக்கத்தில் எளிதாகப் படிக்க முடிவதும், அதே வயதில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் வழித்தோன்றல்கள் 1870 வரை ஒரு பெயருக்காகக் காத்திருக்க நேர்ந்ததும் ஒரே அரசு எடுத்த ஒரே கணக்கெடுப்பில் நிகழ்ந்தவை. இந்தத் தேடல் முழுவதிலும் அந்த நினைப்பு என்னை விட்டு அகலவில்லை.

எங்களுக்கு முதலில் குறுக்கே நின்ற தடை பெயர்தான். குடும்பப் பெயரும் முதற்பெயரும் ஊருக்கு நான்கு பேர் வைத்துக்கொள்ளக் கூடியவை. இல்லினாயின் மேற்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ ஒரே வயதுடைய, ஒரே பெயருடைய இருவர் இருந்தார்கள். இணையத்தில் யாரோ வெளியிட்டிருந்த ஒரு குடும்ப மரம், எங்கள் பாட்டனாருக்கு மற்றவரின் பெற்றோரையும், மற்றவருக்கு எங்கள் பாட்டனாரின் திருமணத்தையும் மாற்றிக் கொடுத்திருந்தது. அந்த மரத்தைப் பார்த்துப் பலர் நகலெடுத்திருந்ததால், அத்தனை இடங்களில் இருப்பது உண்மையாகத்தான் இருக்கும் என்ற தோற்றமும் உண்டாகியிருந்தது. பல பிரதிகள் இருப்பதால் ஒரு செய்தி உறுதியாகிவிடுவதில்லை. அவை அனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருந்தால் ஊற்று ஒன்றுதான். அந்த மரத்தில் எந்த இடத்திலும் ஓர் ஆவணம்கூடச் சுட்டப்படவில்லை.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இருவரையும் பிரிக்க வழியே இல்லை. எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற புகழ்பெற்ற மரபுவழி ஆய்வாளர் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் முறை ஒன்று உண்டு: தேடப்படுகிறவரை விட்டுவிட்டு, அவருடைய நண்பர்களையும், தொழிலாலும் வழக்காலும் அவரோடு தொடர்புடையவர்களையும், அண்டை வீட்டாரையும் தேட வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். ஒரே பெயரும், அதே அண்டை வீட்டாரும், அதே உறவினர்களும் கொண்ட இருவர் இருக்க வாய்ப்பில்லை. கணக்கெடுப்பாளர் வீடு வீடாக நடந்து எழுதியதால், பதிவேட்டின் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு தெருவின் அல்லது ஒரு வண்டிப் பாதையின் வரிசை. ஆகவே நான் இல்லினாயின் வாரன் கவுண்டியின் 1860-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவருடைய தந்தையின் வீட்டுக்கு மேலும் கீழும் இருந்த குடும்பங்களையெல்லாம் பெயர், வயது, பிறந்த மாநிலம் உட்பட எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு வீடு தள்ளி, ஒஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டில் 17 வயதில் ஒரு மகனும் 13 வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். அப்போது அந்தப் பெயர்கள் எனக்கு எதையும் சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர்தான் அந்த இரண்டு பெயரொத்தவர்களையும் பிரித்துக் காட்டியது. இல்லினாய் மாநில ஆவணக் காப்பகம் அந்த மாநிலத்தின் படைவீரர் பட்டியலை எவரும் தேடும் வகையில் இணையத்தில் வைத்திருக்கிறது. வீரரின் உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், தொழில், பிறந்த இடம், சேரும்போது வசித்த ஊர் ஆகியவை அதில் இருக்கின்றன. எங்கள் பாட்டனார் 1862 ஆகஸ்ட் மாதம் மன்மவுத் நகரில் திரட்டப்பட்ட 83-ஆவது இல்லினாய் காலாட்படையில் சேர்ந்தார். பென்சில்வேனியாவில் பிறந்த உழவர், நீலக் கண்கள், ஐந்து அடி எட்டு அங்குலம். மற்றவரோ கென்டக்கியில் பிறந்தவர், வேறொரு படைப்பிரிவு. அந்தப் போரில் ஒவ்வொரு கம்பெனியும், அதாவது படைப்பிரிவின் ஒவ்வொரு உட்பிரிவும், பெரும்பாலும் ஒரே வட்டாரத்து இளைஞர்களைக் கொண்டே அமைக்கப்பட்டது. அண்ணன், தம்பி, பக்கத்துக் காட்டுக்காரர், பள்ளித் தோழர் என ஊரே ஒரு பட்டியலாக நிற்கும். அவருடைய கம்பெனியின் பட்டியலை முழுவதும் படித்தபோது, இரண்டு வீடு தள்ளி இருந்த ஒஹையோக் குடும்பத்தின் மகனும் அதில் இருந்தான். 1863 பிப்ரவரி 3 அன்று டென்னசியின் டோவர் ஊரில் தெற்குப் படையின் தாக்குதலை இந்தப் படைப்பிரிவு எதிர்த்து நின்றது. 1865 ஜூன் மாதம் நாஷ்வில்லில் கலைக்கப்பட்டது. இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். மாமியார் வீட்டில் இருக்கும் பட்டாவில் குடியரசுத் தலைவர் கிரான்ட் கையெழுத்திட்டிருப்பதாகவே எல்லாரும் நம்பி வந்தார்கள். 1833-இல் நிறைவேறிய ஒரு சட்டத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவரின் பெயரை அதற்கென அமர்த்தப்பட்ட செயலர் ஒருவரே எழுதினார். இதைக் கேட்டு மாமியார் சற்று வருந்தினாலும், பட்டாவின் மதிப்பு அந்தப் பெயரில் இல்லை. உண்மையில் பட்டாவில் பெரிதாக எதுவுமே இல்லை: பெயர், நிலத்தின் விவரம், நாள், சான்றிதழ் எண். அந்தச் சான்றிதழ் எண்ணைக் கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் நிலக் கோப்பைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியம். பட்டாவின் படியை நில மேலாண்மைச் செயலகத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கோப்புகள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள், அதாவது குடியேறிகள் அரசு நிலம் கோரிய கோப்புகள், எண்ம வடிவிலும் கிடைக்கின்றன.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1862 மே 20; நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிறைந்தவராகவோ இருக்கும் குடிமகன், அல்லது குடிமகனாக விருப்பம் தெரிவித்தவர், அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதவராக இருந்தால், 160 ஏக்கர் வரை கோரலாம்; ஐந்தாண்டு அங்கேயே வசித்து உழுது பயிரிட்டுவிட்டால், சிறு கட்டணங்களோடு நிலம் சொந்தமாகிவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 16 லட்சம் பட்டாக்கள் வழங்கப்பட்டன. 27 கோடி ஏக்கர், அதாவது நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கைமாறியது. ஆனால் வசித்தேன், பயிரிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. அவரை அறிந்த இரண்டு சாட்சிகள் பிரமாணம் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த விதியால்தான் கோப்புகளுக்குள் ஓர் உலகமே அடங்கியிருக்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளிலேயே நிலம் கோரிய டேனியல் ஃப்ரீமனின் கோப்பு. அவருடைய நிலமும் கேஜ் கவுண்டியில்தான், பியாட்ரிஸ் நகருக்கு அருகில் இருக்கிறது. இன்று அது தேசிய வரலாற்றுப் பூங்கா. அவருடைய சாட்சிகள் இருவர் சொன்னதைப் படித்தால் வீடு கண்முன் எழுந்து நிற்கிறது: பாதி மரத்துண்டுகளாலும் பாதி சட்டப் பலகைகளாலும் கட்டப்பட்ட 14-க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு சன்னல், பலகைத் தரை; சுமார் 35 ஏக்கர் உழுது வேலியிடப்பட்டிருக்கிறது; 100 அடி நீளத்தில் ஓர் ஆட்டுக் கொட்டகை, 40 ஆப்பிள் மரங்கள், ஏறத்தாழ 400 பீச் மரங்கள். நிலம் எங்கே என்பதும் அதில் துல்லியமாக இருக்கிறது: நான்காவது வடக்கு டவுன்ஷிப், ஐந்தாவது கிழக்கு ரேஞ்ச் (டவுன்ஷிப்புகளின் வடக்கு-தெற்கு வரிசை), 26-ஆவது பிரிவு. 1785-இன் நிலச் சட்டப்படி ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 பிரிவுகள். ஒரு பிரிவு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால், ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலத்தின் வரப்பில் இன்றைய வரைபடத்தைக் கொண்டே போய் நிற்கலாம்.

எங்கள் பாட்டனாரின் கோப்பு அவ்வளவு வளமானது இல்லை. 14-க்கு 16 அடி வீடு, ஒரு கதவு, இரண்டு சன்னல், கிணறு, வைக்கோல் வேய்ந்த தொழுவம், முப்பது ஏக்கர் உழவு. 1871 ஏப்ரலில் கோரி, 1874 மே மாதம் சாட்சிகளோடு வந்து நிரூபித்திருக்கிறார். ஐந்தாண்டு நிறையவில்லையே, பணம் கட்டி வாங்கியிருப்பாரோ என்று குடும்பத்தில் சிலருக்கு ஐயம் எழுந்தது. விடை 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது: வடக்குப் படையில் பணியாற்றியவர்கள் தங்கள் படைப்பணிக் காலத்தை அந்த ஐந்தாண்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான படைப்பணி கழிந்ததால் அவருக்கு இரண்டேகால் ஆண்டு வசிப்பே போதுமானது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றின் படி ஒன்றும் அந்தக் கோப்பிலேயே இணைக்கப்பட்டிருந்ததால், இல்லினாயின் படைவீரரும் நெப்ராஸ்காவின் குடியேறியும் ஒருவரே என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.

சாட்சிகள் இருவரில் ஒருவர், அதே இரண்டு வீடு தள்ளி இருந்த ஒஹையோக் குடும்பத்தின் மகன், அதே கம்பெனியின் தோழர். பக்கத்துக் கால்பிரிவில் அவரும் அதே மாதம் நிலம் கோரியிருக்கிறார். மற்றவர் இந்தியானாவிலிருந்து 1869-இலேயே வந்து சேர்ந்தவர். அதாவது, ஆளே இல்லாத புல்வெளிக்கு முதலில் வந்தவர் என்று போற்றப்பட்ட பாட்டனாருக்கு இரண்டாண்டு முன்பே ஒருவர் அரை மைல் தொலைவில் புகை எழும் அடுப்போடு இருந்திருக்கிறார். இன்னொருவர் சிறுவயது முதல் உடன் வளர்ந்து, உடன் போரிட்டு, உடன் வந்திருக்கிறார். அந்தப் படிவத்தில் மேலும் ஒரு வரி இருந்தது: ‘மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொண்ட குடும்பத்தின் தலைவர்.’ தனியாக வந்து பிறகு மணமுடித்தார் என்ற கதை அந்த ஒரு வரியில் முடிந்துபோயிற்று.

அந்த மனைவி யார் என்ற கேள்வி எழுந்தது. 1870, 1880 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் மனைவியின் முதற்பெயர் ஒன்றே; அந்நாளில் மிகப் பரவலான பெயர். 1870-இல் வயது 23, பிறந்த இடம் ஒஹையோ. 1880-இல் வயது 27, பிறந்த இடம் இந்தியானா. பத்தாண்டில் நான்கு வயதே கூடுவது அந்தப் பதிவேடுகளில் புதுமை இல்லை என்பதால், முன்பு பார்த்தவர்கள் அதை எழுதியவரின் கவனக்குறைவு என்று கடந்து போயிருந்தார்கள். ஆனால் 1880-இல்தான் முதன்முறையாக ஒவ்வொருவருக்கும் தந்தையும் தாயும் பிறந்த இடத்தை எழுதுவதற்குத் தனித்தனிப் பத்திகள் வந்தன. பக்கத்தைப் பெரிதாக்கி அந்தக் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்தேன். மூத்த இரண்டு பிள்ளைகளின் தாய் பிறந்த இடம் ஒஹையோ. அடுத்த பிள்ளைகளின் தாய் பிறந்த இடம் இந்தியானா. ஒரே வீட்டில், ஒரே தாயின் பிள்ளைகளாகக் கருதப்பட்டவர்களுக்கு நடுவே, அந்தக் கணக்கெடுப்பாளர் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. வீட்டார் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்.

1890-இன் கணக்கெடுப்பு இருந்திருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயிலும், அதை அணைக்கப் பாய்ச்சிய நீரிலும் அது பெரும்பாலும் சேதமடைந்தது; எஞ்சியதையும் சில துண்டுகள் தவிரப் பிறகு அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதும் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அனைவரும் முட்டி நிற்கும் இடம் இது. நெப்ராஸ்காவைப் பொறுத்தவரை இரண்டு ஆறுதல்கள் உண்டு: நடுவண் அரசின் உதவியோடு 1885-இல் அங்கே எடுக்கப்பட்ட தனிக் கணக்கெடுப்பு பிழைத்திருக்கிறது, 1890-இல் வடக்குப் படை வீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்குமாக எடுக்கப்பட்ட சிறப்புப் பட்டியலும் பிழைத்திருக்கிறது. இரண்டிலும் அவர் இருந்தார்; ஆனால் மனைவி பற்றிய கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. 1900-இன் கணக்கெடுப்புதான் அடுத்த வெளிச்சம். மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். மணமாகி 24 ஆண்டு, பெற்றது ஐந்து என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார். குடும்ப விவிலியத்தில் ஏழு பிள்ளைகள். மூத்தவள் பிறந்தது 1868. என் மாமியாரும் கணவரும் அந்த மூத்த மகளின் வழி வந்தவர்கள்.

விவிலியத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். ஏழு பிறந்த நாள்களும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே சீராக எழுதப்பட்டிருக்கின்றன. தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டு 1881 என்று இருக்கிறது. அப்படியானால் 1868 முதலான பதிவுகள் நிகழ்ந்தபோது எழுதப்பட்டவை இல்லை; பின்னாளில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. குடும்ப விவிலியம் கையில் கிடைத்தவர்கள் பிறந்த நாள்களைப் படிப்பதற்கு முன் அச்சான ஆண்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிச்சு அவிழ்ந்தது ஓய்வூதியக் கோப்பில். உள்நாட்டுப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளைப் போல மனிதர்களின் குரல் அப்படியே பதிந்த ஆவணங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1898-இல் ஓய்வூதிய அலுவலகம் ஓய்வூதியம் பெற்றுவந்த வீரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது: மனைவியின் கன்னிப் பெயர் என்ன, எங்கே, எப்போது, யார் மணமுடித்து வைத்தார், முன்பு மணமானவரா, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த நாள்களும் என்ன. முன்பு மணமானவரா என்ற கேள்விக்கு எதிரே, நடுங்கும் கையெழுத்தில், முதல் மனைவியின் முழுப் பெயரையும், ‘1874 அக்டோபரில் இறந்தாள்’ என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். இரண்டு வீடு தள்ளி இருந்த ஒஹையோக் குடும்பத்தின் 13 வயது மகள் அவள். சாட்சியாக வந்த போர்த் தோழர் அவளுடைய அண்ணன்.

பாட்டனார் 1907-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த சட்டம் படைவீரரின் கைம்பெண்களுக்கு மாதம் 12 டாலர் வழங்க வகை செய்தது. அதைப் பெற வேண்டுமானால், கணவரின் முந்தைய மணம் இறப்பாலோ மணமுறிவாலோ முடிந்தது என்று இரண்டாம் மனைவி நிரூபிக்க வேண்டும். நெப்ராஸ்காவில் இறப்புகளை மாநில அளவில் பதிவு செய்யத் தொடங்கியதே 1904-இல்தான். 1874-இல் இறந்தவளுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. அப்போது சாட்சி சொல்ல வந்தவர் முதல் மனைவியின் அண்ணன். வயது அறுபத்தைந்து. தன் தங்கை பிள்ளைப்பேற்றுக்கு மூன்று வாரம் கழித்து இறந்ததையும், சிசுவும் உடன் போனதையும், அப்போது அந்தப் பகுதியில் இடுகாடு இல்லாததால் தன்னுடைய நிலத்திலேயே புதைத்ததையும், சவக்குழியைத் தானே தோண்டியதையும் அவர் பிரமாணத்தின் பேரில் சொல்லியிருக்கிறார். தங்கை இருந்த இடத்துக்கு வந்த பெண்ணுக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, முப்பத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு அவர் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

1874-ஆம் ஆண்டு கோடையில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் நெப்ராஸ்காவையும் கான்சஸையும் அழித்துப் போட்டன என்பது எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. சோளக் கதிர்களைத் தண்டு வரை தின்று தீர்த்தன. குளிர்காலத்தில் அரசும் அறக்கட்டளைகளும் உணவும் துணியும் அனுப்ப நேர்ந்தது. அந்தக் கோடையில் சூலோடு இருந்தவள் என்ன உண்டாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவளுடைய இறப்பை அதோடு முடிச்சுப் போட எனக்கு எந்த ஆவணமும் உரிமை தரவில்லை. அண்ணனின் வாக்குமூலத்தில் இருப்பது பிள்ளைப்பேறும் காய்ச்சலும் மட்டுமே.

இரண்டாம் மனைவி இந்தியானாவிலிருந்து முன்பே வந்திருந்த அந்த மற்றொரு சாட்சியின் மகள். 1876-இல் மணம். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தியையும் ஐந்து வயதுக் குழந்தையையும் தன் பிள்ளைகளாகவே வளர்த்து, விவிலியத்தில் ஏழு பெயர்களையும் வேறுபாடின்றி ஒரே வரிசையில் எழுதியவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் எதையும் மறைக்கவில்லை. அரசு கேட்டபோதெல்லாம் ஐந்து என்றே விடை சொல்லியிருக்கிறார். வேறுபாடு காட்டாத அவருடைய அன்பும், இருவருக்கும் ஒரே முதற்பெயர் அமைந்த தற்செயலும் சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் முதல் மனைவியை நினைவிலிருந்து கரைத்துவிட்டன. இணையத்தின் குடும்ப மரம் 1866-ஆம் ஆண்டு இல்லினாய்த் திருமணத்தைப் பெயரொத்த மற்றவருக்குக் கொடுத்ததும் இதனால்தான்: மணமகளின் கன்னிப் பெயர் விவிலியத்தில் இருந்த கன்னிப் பெயரோடு ஒத்துப்போகவில்லை. மாநிலத்தின் திருமணக் குறியேட்டில் அந்தப் பதிவு எவரும் பார்க்கும்படி இருந்துகொண்டேதான் இருந்தது.

நிலக் கோப்பில் இன்னொரு வரியையும் சொல்லியாக வேண்டும். சாட்சிகள் கையெழுத்திட்ட அச்சிட்ட படிவத்தில், இந்த நிலத்தில் உரிமை கோரத் தக்க வேறு எவரும் வசிக்கவில்லை என்ற பொருளுடைய சொற்றொடர் இருக்கிறது. ஓட்டோ-மிசூரியா மக்கள் அந்த நிலப்பகுதியை 1854 மார்ச் மாத ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார்கள்; பிக் புளூ ஆற்றின் கரையில் ஏறத்தாழ 1,62,000 ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கிடத்தின் ஒரு பகுதி கேஜ் கவுண்டிக்குள்ளேயே இருந்தது. அதன் நிருவாக அலுவலகம் இன்றைய பார்ன்ஸ்டன் ஊரில் இருந்தது. 1881-இல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆக, எங்கள் பாட்டனார் குடியேறிய பிறகும் பத்தாண்டு அவர்கள் அதே கவுண்டியில் இருந்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லை என்று சொன்ன கதைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. பாட்டனார் சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரை எண்ணாமல் விட்டார்கள் என்பதையும் என் பிள்ளைகள் அதே வரலாற்றின் பகுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்காக நான் தொகுத்து வரும் கோப்பில் ஒப்பந்தத்தின் நாளும் ஒதுக்கிடத்தின் வரைபடமும் நிலக் கோப்பின் படிக்கு அடுத்ததாகவே இருக்கின்றன.

மாமியாரிடம் எல்லாத் தாள்களையும் வரிசைப்படுத்திக் காட்டினேன். அவர் அண்ணனின் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். பிறகு விவிலியத்தை எடுக்காமல், தனியாக ஒரு தாளில் முதல் மனைவியின் கன்னிப் பெயரையும், 1847 என்ற பிறந்த ஆண்டையும், அண்ணனின் பெயரையும் எழுதி, எங்கிருந்து கிடைத்த செய்தி என்பதையும் குறித்து, விவிலியத்தின் அந்தப் பக்கத்தில் வைத்தார். பழைய எழுத்தின்மேல் எதையும் திருத்தக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது சரியென்றே எனக்கும் தோன்றியது.

இப்போது தேட வேண்டியது ஒஹையோவில். அவளுடைய பெற்றோர் 1850-இல் எந்தக் கவுண்டியில் இருந்தார்கள் என்று கண்டுபிடித்தாயிற்று. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தந்தையின் பெயர் மட்டுமே இருக்கும், அவளுடைய தாய் முப்பது வயதுக்கு உட்பட்ட பெண் ஒருவர் என்ற எண்ணிக்கையாக மட்டும் இருப்பாள். ஆகவே அந்தக் கவுண்டியின் வரிப் பட்டியல்களையும் உயில் பதிவேடுகளையும் திறந்து, அங்கேயும் அண்டை வீட்டாரிடமிருந்தே தொடங்கியிருக்கிறேன்.